நானூற்றேழாம் குழல்

பனிமாதம் 3

405-ஐத் திறந்தேன். மீன்சந்தைப் பனியோட்டிக்கான குழல். மாலையில் வந்து வாங்கிக்கொண்டான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்டான். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பட்டறையில் புதுக் குழலுக்கு முதல் மூச்சு ஊதித் திறக்கிறவளிடம் கேட்கிற கேள்வி. "உன் வாயைப் பொறுத்தது" என்றேன். அதற்கும் பல்லைக் காட்டினான்.

பனியோட்டிகளைப் போலத் தங்களைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கும் கூட்டம் வேறு கிடையாது. செய்கிற வேலை என்ன? விடிகிற நேரத்தில் ஏரியிலிருந்து ஏறிவந்து தெருவை அடைத்துக்கொள்கிற பனிக்கு முன்னால் போய் நின்று குழலை ஊத வேண்டும். ஊதிக்கொண்டே ஏரிக்கரைவரை நடக்க வேண்டும். பனி பின்னாலேயே வந்து தண்ணீரில் இறங்கிவிடும். இதற்கு ஒரு தொப்பி, பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, ஊரையே தூக்கி நிறுத்துகிறவன் மாதிரி ஒரு நடை.

என் தம்பியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆஸ்பத்திரித் தெரு அவனுடையது. நேற்று ஆஸ்பத்திரி வாசல் படியில் வழுக்கி விழுந்திருக்கிறான். முழங்காலில் சிராய்ப்பு, குழலில் கீறல். துணிப்பையோடு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். நாற்பத்தாறு வயது. பட்டறை முழுக்கப் பார்க்கிறது. பையை அவிழ்க்கக்கூட இல்லை நான். 'உபயோகத்துக்கு ஆகாது' என்று சீட்டு எழுதி நீட்டினேன்.

"ஒரு தடவை பாரேன்க்கா."

"பாத்தாச்சு. புதுசு வரும். போ."

பனிமாதம் 5

காலையிலேயே சண்டை. ஈரக் கோட்டை மறுபடியும் என் நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். வீட்டில் இருப்பது இரண்டு அறை, இரண்டு நாற்காலி. அவனுடையது காலியாகக் கிடக்கிறது, என்னுடையதில்தான் கோட்டு. எத்தனை வருடமாகச் சொல்கிறேன். "மறந்துட்டேன்க்கா" — இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே வாழ்ந்துவிட்டான்.

407-ஐத் திறந்தேன். அவனுக்கான புதுக் குழல்.

குழல்வாயில் செருகும் சீவாளியைச் செதுக்கும் பெண் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தாள். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. எப்போதும் சளி, எப்போதும் உறிஞ்சல். மூக்குறிஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். பட்டறைக்கே இப்போது அதுதான் பெயர். சுவரில் ஒட்டியிருக்கும் விதித்தாளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டாள்.

"முதல்ல ஊதுறவங்க மூச்சுதான் குழலோட குணமாம். அப்புறம் யார் ஊதினாலும் மாறாதாம். அப்படியாக்கா?"

"அதனாலதான் கண்ட வாயும் படக்கூடாதுன்னு எனக்குத் தனி அறை."

"சரி. வெங்காயம் பூண்டு ரெண்டு நாள் கூடாது, உப்புத்தண்ணில வாய் கொப்பளிக்கணும், அதெல்லாம் புரியுது. ஒரு மணி நேரம் பேசாம தனியா உக்காரணும்னு போட்டிருக்கே, அது எதுக்கு?"

"விதி."

"அதான், எதுக்கு?"

கதவைச் சாத்தினேன். இவளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடந்த மாதிரிதான்.

உண்மையைச் சொன்னால், நாள் முழுவதிலும் எனக்குப் பிடித்தது அந்த ஒரு மணி நேரம்தான். குழலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், ஒவ்வொருத்தரையும் வரிசையாக முன்னால் நிறுத்தி மனத்துக்குள் விளாசலாம். எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. இன்று முழு மணி நேரமும் தம்பிக்கே போய்விட்டது. கோட்டில் ஆரம்பித்து, அம்மா இறந்த அன்று பூட்டைத் தொலைத்தது வரைக்கும் வந்தேன். பிறகு ஊதினேன். கச்சிதமான சத்தம். கடைசி சுரம் லேசாக மேலே தூக்கி நின்றது, அழகாக.

பனிமாதம் 6

மூக்குறிஞ்சி என் சீவாளிப் பெட்டிக்கு நேராகத் தும்மினாள். முப்பது சீவாளியையும் மறுபடி கழுவினேன்.

பனிமாதம் 8

408 திறப்பு. படிக்கட்டுத் தெருவுக்கு. மேற்பார்வையாளர் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பட்டறைக்குள் கீச் கீச்சென்று நடந்தார். பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம் பூராவும் காதில் அதே சத்தம். ஒரு செருப்பைப் பார்த்து வாங்கத் தெரியாதவருக்குக் கீழே நாங்கள் பதினோரு பேர் வேலை செய்கிறோம்.

406-ஐப் போலவே 409-உம் துளையிடும்போதே வாய் பிளந்துவிட்டது. துளை போடுகிறவருக்குக் கண் பார்வை போய் மூன்று வருடமாகிறது. அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

பனிமாதம் 11

410. பள்ளிக்கூடத் தெருவுக்கு. அந்தத் தெருப் பனியோட்டி ஒரு பெண். தொப்பிக்கு மேல் பூவேலை செய்து வைத்திருக்கிறாள். பனிக்குக் காட்டவோ என்னவோ.

பனிமாதம் 12

தம்பி பத்து மணிக்கு வீடு திரும்பினான். வழக்கமாக ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவான். கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"என்ன?"

"பனி வர மாட்டேங்குதுக்கா."

"நீ ஊதினியா, நின்னுக்கிட்டே தூங்கினியா?"

"ஊதினேன். ஒரு வாரமாவே இப்படித்தான். இன்னிக்கு ரொம்ப மோசம். வார்டு வரைக்கும் போயிடுச்சு. வெயில் ஏறித்தான் கலைஞ்சுது."

இருபத்திரண்டு வருடம் ஒரே தெரு. அதிலும் தேர்ச்சி இல்லை. புதுக் குழல் கைக்குப் பழக ஒரு நாள் ஆகும், இரண்டு நாள் ஆகும். ஒரு வாரமா? இன்னும் கொஞ்சம் அடிவயிற்றிலிருந்து ஊது என்றேன். தலையாட்டினான். சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனிடம் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது.

பனிமாதம் 14

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. தம்பி கஞ்சி வைத்தான், அடி பிடித்த கஞ்சி.

பனிமாதம் 16

இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை. பட்டறையிலிருந்து செய்தி வந்தது: நகரசபை அவசரப்படுத்துகிறதாம், நேற்று 411-ஐயும் 412-ஐயும் வேறு ஆளை வைத்துத் திறந்துவிட்டார்களாம். யாரை? மூக்குறிஞ்சியை.

அவள் மூக்கோடு!

பனிமாதம் 18

வேலைக்குத் திரும்பினேன். திறப்பு அறையில் என் நாற்காலி நகர்ந்திருந்தது. "எப்படி ஊதினே?" என்று அவளைக் கேட்டேன். "பேசாம உக்காந்தேன்க்கா. என்ன நினைக்கறதுன்னு தெரியல. வெளில நூல் காயப்போட்டிருந்தாங்க, அதைப் பாத்துட்டே இருந்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் ஆச்சுன்னாங்க, ஊதிட்டேன்" என்றாள். நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். மண்டைக்குள் ஒன்றுமே இல்லாத ஒரு பிறவி.

மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். 405, 408, 410 — மூன்றுக்கும் புகார் வந்திருக்கிறது. பனி பின்தொடரவில்லை, விலகி ஓடுகிறது, வீடுகளுக்குள் நுழைந்து மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. படிக்கட்டுத் தெருவில் ஒரு வீட்டு அடுக்களையில் மூன்று நாளாகப் பனியாம்.

"சீவாளி சரியில்லை" என்றேன். "புதுப் பெண் செதுக்குவது. பாருங்கள், நான் முன்பே நினைத்தேன்."

அவர் பன்னிரண்டு சீவாளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் ஒரே கனம். எனக்கும் தெரிந்தது. அதை நான் ஒப்புக்கொள்வேனா? "பார்வைக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பனிமாதம் 20

நகரசபையிலிருந்து தம்பிக்குக் கடிதம். மாதம் முப்பதாம் தேதி காலை ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரித் தெருவில் பனி இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் தொப்பியையும் கோட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

வார்டில் நெஞ்சுச்சளிக்காரர்கள் இருமி இருமிச் சாகக் கிடக்கிறார்கள் என்று நர்ஸ் ஒருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அவன் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "பரவாயில்லக்கா" என்றான். என்ன பரவாயில்லை? வேறு என்ன வேலை தெரியும் உனக்கு? இருபத்துநாலு வயதிலிருந்து பனி பின்னால் சுற்றியவன். பனிக்கு முன்னால் என்று சொல்ல வேண்டுமோ. எதற்கும் லாயக்கில்லாதவனை வீட்டில் உட்காரவைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டு தட்டுகளைக் கழுவினான்.

பனிமாதம் 21

அவன் எவ்வளவு மோசமாக ஊதுகிறான் என்று பார்த்துவிட ஐந்தரைக்கே கிளம்பி, ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். இந்த வேடிக்கையை நான் பார்த்தே பல வருடமாகிறது.

மோசமாக ஊதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மூச்சு நேராக இருந்தது, விரல் சுத்தமாக இருந்தது. அவன் ஊத ஆரம்பித்ததும் தெரு நிறைய நின்றிருந்த பனி அப்படியே பின்வாங்கியது. திட்டு வாங்கிய குழந்தை மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவன் ஓரடி முன்னால் வைத்தால் அது இரண்டடி பின்னால் போகிறது. ஜன்னல், கதவு இடுக்கு, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நுழைந்துகொண்டது. அவன் ஊதுவதை நிறுத்தி, அதைப் பார்த்து ஏதோ சமாதானம் சொல்கிறான். பனியிடம் பேசுகிறான்!

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பாட்டின் ஒவ்வொரு அடி முடிவிலும் ஒரு சின்னத் தூக்கல். இந்தப் பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? முன்பு கிடையாதே.

பக்கத்தில் ஒரு நர்ஸ் வந்து நின்றாள். கடிதம் எழுதியவளோ என்னவோ. "கேக்கறீங்களா? யாரோ நம்மளப் பாத்து 'ம்க்கும்'னு மூக்கைச் சுளிக்கிற மாதிரியே இருக்கு. பனிக்கு என்ன, எனக்கே கோபம் வருது" என்றாள்.

'ம்க்கும்' என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பனிமாதம் 22

தூக்கமில்லை. சீவாளிதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

பனிமாதம் 24

இதை எப்படி எழுதுவது?

மேற்பார்வையாளர் பதிவேட்டை என் முன் விரித்தார். எந்தக் குழலை எந்தத் தேதியில் திறந்தது என்ற பட்டியல். 411, 412 இரண்டும் மணிமணியாக வேலை செய்கின்றனவாம், பனி நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போகிறதாம். "இன்னொண்ணு பாத்தீங்களா? 407-க்கு மட்டும் புகாரே வரல. ஆனா வேலை போகப்போறது உங்க தம்பிக்குத்தான்" என்றார்.

ஈரப்பதம் காரணமாக இருக்கலாம், எந்தெந்த நாளில் தூறல் இருந்தது என்று என் நாட்குறிப்பில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தூறலை எழுதிவைக்கிற வழக்கம் எனக்கு உண்டு என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். மூன்றாம் தேதி. எட்டாம் தேதி. பதினொன்றாம் தேதி. தூறலைப் பற்றி ஒரு வரி இல்லை. மீன்சந்தைக்காரனின் பல். மேற்பார்வையாளரின் செருப்பு. தொப்பியில் பூவேலை. போன மாதத்தைப் பிரித்தேன். அதற்கு முந்தின மாதத்தையும். எல்லாம் அதேதான், ஆள்தான் வேறு.

ஐந்தாம் தேதி. 407. "முழு மணி நேரமும் தம்பிக்கே போய்விட்டது." நானே எழுதியிருக்கிறேன், என் கையால். பூட்டு வரைக்கும்.

வாய் கொப்பளிச்சேனே. வெங்காயம் தொடலையே ரெண்டு நாளா. இருபத்திரண்டு வருஷமா ஒரு வேளை தப்பினதில்லையே. அந்த ஒரு மணி நேரம் எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது, பெரிய திறப்பாளர்களுக்கே தெரியாது, வாய் ஆறணும்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். அந்த மூக்குறிஞ்சி ஒருத்திதான் கேட்டா. எதுக்குன்னு கேட்டா. நான் கதவைச் சாத்தினேன்.

அந்தத் தூக்கல் அவனுடையது இல்லை. அது என்னுடைய 'ம்க்கும்'.

பனிமாதம் 25

காலையில் கேட்டேன். நேரடியாகவே.

"உனக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்தான். "மொத நாளே தெரியும்க்கா. ரெண்டு ஊது ஊதினதும் உன் குரல் கேட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா புகார்னு எழுதணும். எழுதினா உன்னை அந்த அறைலேர்ந்து எடுத்துடுவாங்க. மத்தவங்களையும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னேன். எல்லாருக்கும் தெரியும், கொஞ்ச வருஷமாவே உன் குழல்ல ஒரு எரிச்சல் இருக்கு, பனி சகிச்சுக்கும். இந்த வருஷம்தான் முடியலேன்னுட்டாங்க."

"உன் வேலை போகுது, தெரியுதா?"

"எனக்கு ஏதாவது கெடைக்கும். உனக்கு இது ஒண்ணுதானே."

எனக்கு இது ஒன்றுதானாம். அவன் எனக்காக இரக்கப்பட்டிருக்கிறான். அவன், எனக்கு. இத்தனை நாளாக நான் திட்டத் திட்டத் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றது இதற்குத்தான். ஊரில் அத்தனை பனியோட்டிகளும் எனக்குப் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பல்லைக் காட்டினானே மீன்சந்தைக்காரன், அவன்கூட.

யார் கேட்டார்கள் உங்களை? யார் கேட்டார்கள்?

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத.

பனிமாதம் 26

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். சீவாளியும் காரணமில்லை, துளையும் காரணமில்லை, நான்தான் என்று. இந்த வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்றால், அவர் நடுவில் தண்ணீர் கொடுத்தார்.

நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. "ஒரு தடவை நல்லதா நெனச்சு முயற்சி பண்ணுங்க. உங்க தம்பிக்கே புதுசா ஒண்ணு திறங்க, 415 தயார்" என்றார்.

அறைக்குள் உட்கார்ந்தேன். குழல் மடியில். நல்லதாக நினைக்க வேண்டும். ஏரி. வெந்நீர். துவைத்து மடித்த துணி. மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் கதவுக்கு வெளியே கீச் கீச்சென்று செருப்பு நடந்தது. நல்ல மனுஷன், சரி. ஆனால் அந்தச் செருப்பு.

எழுந்து வந்துவிட்டேன், ஊதவில்லை. அரை மணி நேரம்கூட யாரையும் குறை சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. இது காய்ச்சல் மாதிரி இறங்குகிற சங்கதி இல்லை. ஐம்பது வயதில் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

415-ஐ மூக்குறிஞ்சி திறக்கட்டும் என்று சொன்னேன். திறந்தாள். குழல் ஈரத்தில் விரிந்துவிட்டது, காய்ந்து சரியாவதற்கு எட்டு நாள் ஆகுமாம். முப்பதாம் தேதிக்கு நாலு நாள்தான் இருக்கிறது.

பனிமாதம் 27

தம்பி வெளியே போயிருந்தபோது அவன் பெட்டியைத் திறந்தேன். பழைய குழலை அவன் எறிந்திருக்க மாட்டான் என்று தெரியும். சட்டைகளுக்கு அடியில், அதே துணிப்பையில் இருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டிய மாதிரி.

கீறல் மயிரிழை அளவு. நாலு விரல் நீளம். உள்ளே போகவே இல்லை. கட்டு மேசையில் மெழுகு நூல் கட்டினால் தீர்ந்துவிடும், தினம் ஐந்து கட்டுகிறார்கள் அங்கே. இதைத்தான் பையைக்கூட அவிழ்க்காமல் உபயோகத்துக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்தேன்.

எண் 19. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன். திறந்தவர் பெயருக்கு நேராக என் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். நானா? மறந்தே போயிருந்தேன். ஊரிலேயே நல்ல குழல் என்று எல்லோரும் சொன்ன குழல். பனி தானாகவே வந்து காத்திருக்குமாம் அதற்கு.

பரணிலிருந்து அந்த வருட நாட்குறிப்பை இறக்கினேன். அந்தத் தேதியில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"தம்பிக்கு வேலை கிடைத்தது. தொப்பி போட்டுக்கொண்டு காட்ட வந்தான். ஒரு அளவு பெரியது, காதுவரை இறங்கிவிட்டது. கண்ணே தெரியவில்லை, கதவில் முட்டிக்கொண்டான். அறைக்குள் ஒரு மணி நேரமும் அதையே நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு அடங்காமலே ஊதிவிட்டேன். குழல் கெட்டுப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை."

எப்போது மாறினேன் என்று அடுத்தடுத்த வருடங்களைப் புரட்டினேன். இருட்டும்வரை புரட்டினேன். அப்படி ஒரு தேதி இல்லை.

பனிமாதம் 28

என் சீட்டை நானே அடித்து, 'கட்டினால் உபயோகத்துக்கு ஆகும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேற்பார்வையாளர் முத்திரை வைத்தார்.

கட்டுகிறவருக்கு விரலில் காயம். நானே கட்டு மேசையில் உட்கார்ந்தேன். மூக்குறிஞ்சி வந்து மெழுகு உருக்கிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

"இன்னும் இறுக்கி இழுங்கக்கா. யார்மேலயாவது கோபம் இருந்தா நல்லா வரும்."

"எல்லார்மேலயும் இருக்கு."

"அப்ப கவலையில்ல" என்று உறிஞ்சினாள்.

என்னைக் கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. நூலை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நாற்பது சுற்று. சதை வெட்டுகிற அளவுக்கு இறுக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பட்டறையில் இவ்வளவு நல்ல கட்டு யாரும் கட்டியதில்லை.

பனிமாதம் 29

தம்பி பழைய குழலைக் கையில் வாங்கிக்கொண்டான். கட்டைத் தடவிப் பார்த்தான். நல்லவேளை, அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன்.

பனிமாதம் 30

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரித் தெரு. நகரசபையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், கையில் கடிகாரம், முகத்தில் தூக்கம். அந்த நர்ஸும் படியில் நின்றிருந்தாள். நான் 407-ஐப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். பட்டறையில் எரித்துவிடத் திருப்பிக் கொடுக்க வேண்டிய குழல். வேறு காரணம் எதுவும் அப்போது என் மனத்தில் இல்லை.

தம்பி ஊதினான். பழைய சத்தம். இத்தனை வருடம் காதில் விழுந்தும் நான் கவனிக்காத சத்தம் — உள்ளுக்குள் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. தெருவில் இருந்த பனி முழுவதும் மெல்லத் திரும்பியது. அவன் நடக்க நடக்கப் பின்னாலேயே போனது. நகரசபைக்காரருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

ஆனால் வார்டுக்குள் இருந்தது வரவில்லை. மூன்று வாரமாக 407-க்குப் பயந்து உள்ளே பதுங்கிக் கிடந்த பனி அது. நல்லபடியாகக் கூப்பிட்டாலும் நம்பவில்லை போலிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால். இருமல் சத்தம் வெளியே கேட்டது. தம்பி தெருமுனையில் நின்று திரும்பத் திரும்ப ஊதினான். ஆறே முக்கால். நகரசபைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் வார்டின் பின்கதவு வழியாக உள்ளே போனேன். நர்ஸ், "எங்க போறீங்க?" என்றாள். 407-ஐ எடுத்தேன். பனி எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். என்னை விட்டு ஓடும். முன்கதவு வழியாக ஓடும். முன்கதவுக்கு வெளியே அவன் இருக்கிறான்.

ஊதினேன்.

அத்தனையும் இருந்தது அதில். கோட்டு, பூட்டு, அடி பிடித்த கஞ்சி. என்னுடைய ம்க்கும். கட்டிலுக்கு அடியிலிருந்து பனி உருண்டு எழுந்து, சுவரில் மோதி, முன்கதவு வழியாக விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. தெருமுனையில் அவன் குழல் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு கிழவர் படுக்கையிலிருந்தபடி, "யாரும்மா நீ, எங்க வீட்டுக்காரி மாதிரியே ஊதுற" என்றார்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

காற்றுமாதம் 9

இப்போது குழல் திறப்பது மூக்குறிஞ்சி. ஊதுவதற்கு முன் ஒரு தடவை உறிஞ்சுவாள். அதனால் இந்த ஊரில் இனிமேல் வருகிற குழல் எல்லாம் ஒரு உறிஞ்சலோடுதான் பாட்டை ஆரம்பிக்கும். பனிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. இப்படியும் ஒரு ரசனை.

நான் கட்டு மேசையில். பக்கத்து இருக்கைக்காரர் மெழுகை நகத்தில் சுரண்டித் தின்கிறார்.

காற்றுமாதம் 15

நகரசபை தீர்மானம் போட்டிருக்கிறது: ஆஸ்பத்திரித் தெருவுக்கு இனி இரண்டு பேர். முன்னால் ஒருவர் அழைக்க, வார்டுக்குள்ளிருந்து ஒருவர் விரட்ட. விரட்டுகிறவருக்கு 407. அந்தக் குழலை வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தார்களாம். ஊதுகிறவர்களுக்கே முகம் சுருங்கிப்போகிறதாம், பாட்டில் இரண்டு அடிக்கு மேல் தாங்கவில்லையாம். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

காலையில் ஒரு மணி நேரம், பிறகு கட்டு மேசை. சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன். பனியோட்டி ஆகிவிட்டேன் என்று யாராவது சொன்னால் பல்லைத் தட்டிவிடுவேன்.

காற்றுமாதம் 17

சீருடை வந்தது. கோட்டு பரவாயில்லை. தொப்பி ஒரு அளவு பெரியது; காதுவரை இறங்குகிறது. நகரசபையில் ஒருத்தருக்காவது தலையை அளக்கத் தெரிய வேண்டுமே.

போட்டுக்கொண்டு அறையைவிட்டு வந்தேன். தம்பி என் நாற்காலியில் ஈரக் கோட்டைப் போட்டுவிட்டு நின்றிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா."

கதவில் முட்டிக்கொண்டேன்.